ம் இல்லாத புத்தகங்கள்

பிப்ரவரியில் தொடங்கி மே வரை
ததேயாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து
நாற்பது படக்கதைகளைப் பதினைந்தாக்குவோம்,
பன்னிரண்டு கதைச் செயலிகளை மூன்றாக்குவோம்.
ஜன்னலுக்கு வெளியே த்ராவா ஆறு
பனி உருகிய சேற்று நிறத்தில் போகும்.

படிவம் இருக்கிறது.
அட்டை, கடித்தால் தாங்குமா?
படம், எழுத்து சொல்லாததையும் சொல்கிறதா?
தொட்டால் நடப்பது கதைக்குள் நடக்கிறதா,
கதையை நிறுத்திவிட்டு நடக்கிறதா?
ஒரு செயலியில் ஆந்தையைத் தொட்டால் தும்மும்.
பதினொரு தும்மல் எண்ணினேன்.
காட்டில் வழி தவறிய கரடி
மூன்றாம் பக்கத்திலேயே நின்றது.
மின்மினிகள் ஒளிர வேண்டுமென்றால் காசு கேட்டது.
ததேயா கறார்ப் பேர்வழி.
அதன்மேல் அப்போதே பேனாவைத் திறந்துவிட்டாள்.

ஓட்மார் வியாழக்கிழமைகளில் வருவார்.
ரயில் பெட்டி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை,
நகக்கண்ணில் கிரீஸ்.
மகள் ப்ரீனாவுக்கு நான்கு வயது,
ஒரு கால் பூட்ஸ் எப்போதும் கழன்றபடி.
அவர் புத்தகம் எடுக்கும் விதம்தான் புரியவில்லை.
படத்தைப் பார்க்க மாட்டார்.
வரிகளின்மேல் விரலை ஓட்டுவார்,
பயற்றில் கல் பொறுக்குவது போல.
சட்டென மூடி அலமாரியில் திரும்ப வைப்பார்.
நாங்கள் சண்டை போட்டுத் தேர்ந்து
முகப்பில் நிறுத்திய புத்தகத்தை
மூன்று வாரம் அப்படித்தான் வைத்தார்.
கொண்டுபோனவை: நத்தை. முள்ளெலி.
டிராக்டர். மறுபடி நத்தை.
ரசனை இல்லாத மனிதர் என்று
ததேயாவிடம் சொன்னேன்.
இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

கதை நேரத்தில் ஒருநாள்
நான் கரடி என்று வாசிக்க
ப்ரீனா எழுந்து நின்று திருத்தினாள்:
'அது பெரிய ஆள்.'
பூனை? 'மீசைக்காரி.'
நிலா? 'ராத்திரி விளக்கு.'
பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.
கதவோரம் ஓட்மார்
கையிலிருந்த தொப்பியையே பார்த்தார்.

அப்போதுதான் உறைத்தது.
எங்கள் மொழியில் கரடி மெத்வெத்,
எலி மீஷ், பூனை மாச்கா,
நிலா மேசெத்ஸ், கடல் மோர்யே.
படக்கதை உலகத்தில் பாதி
ஒரே எழுத்தில் குடியிருக்கிறது.
நாங்கள் வாழும் ஊரும்தான், மாரிபோர்.
அவருக்கோ, ம் என்று ஒருமுறை உதடு மூடினால்
சாவி தொலைந்த பெட்டி.

ஏப்ரலில் நூலகத்தின் டேப்லெட்டை இரவல் கேட்டார்.
துண்டுக் காகிதத்தில் எழுதிக் கேட்டார்:
'வாசிக்கிற குரல் நல்ல குரலாக.'
கொடுத்தேன், அரை மனதோடு.
கையில் மிச்சமிருந்தது அந்தத் தும்மும் ஆந்தைதான்.
அப்பாவின் மடியைக் கண்ணாடிச் சில்லுக்கு
விற்கிறோமோ என்று
வழக்கமான கவலை, வழக்கமான வாக்கியத்தில்.

அடுத்த வியாழன் நூலகத்து மூலையில்
ஒரே மெத்தையில் இருவரும்.
ப்ரீனா கரடியைத் தொட்டாள்.
ஒரு நடிகையின் குரல்: மெத்வெத்.
அதற்கு அடியில், அதே நொடியில்,
பட்டறைத் தூசி படிந்த குரல்: மெத்வெத்.

நான் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்த புத்தகங்கள்
கையிலேயே நின்றன.

மறுபடி தொட்டாள். மறுபடி.
துணைக்கு ஒரு குரல் கூட ஓடினால்
அவர் நாக்கு தடம் புரளவில்லை.
மேசெத்ஸ் என்றார்கள் இருவரும். மோர்யே என்றார்கள்.
கரடி மூன்றாம் பக்கத்திலேயே நின்றது,
வீடு போகும் அவசரம்
அங்கே யாருக்கும் இல்லை.

மே மாதம் ததேயா படிவத்தை நீட்டினாள்.
தொட்டால் நடப்பது கதைக்குள் நடக்கிறதா?
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
எந்தக் கதைக்குள் என்று கேட்டேன்.
அதற்குக் கட்டம் இல்லை என்றாள்.

ப்ரீனா இப்போதும் பெரிய ஆள் என்றே சொல்கிறாள்.
மெத்வெத் என்பது
அதன் பள்ளிக்கூடப் பெயராம்.

பட்டியலில் மூன்றாவதாகச் சேர்த்தோம்.
ஐந்துக்கு மூன்று மதிப்பெண்.
மின்மினிகள் இன்னமும் காசு கேட்கின்றன.